மனைவி பிறந்தது ரெயூனியன் தீவில்: எந்த நாட்டு வரிசையில் நிற்பது?

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்குச் சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 1987-இல் இங்கேதான் பிறந்தேன். பல வருஷமாக அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை. கம்பெனி 2019 மார்ச்சில் கிரீன் கார்டுக்கு மனு போட்டது. உயர் படிப்புக்காரர்களுக்கான இ.பி.-2 பிரிவு, கம்பெனி எனக்காகப் போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது. ஆனால் இந்தியர்களுக்கான வரிசை 2013-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

என் மனைவி புதுச்சேரிக் குடும்பம். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அவள் 1989-இல், இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் பிறந்தாள். பிரெஞ்சு பாஸ்போர்ட். மகள் 2018-இல் புதுச்சேரியில் பிறந்தாள். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறோம். வந்த இடத்தில் ஆளுக்கொரு யோசனை. ஒரு கன்சல்டன்ட், “ரெயூனியன் காலனி மாதிரி. அமெரிக்காவில் காலனிகளுக்கு 2 சதவீதம்தான் கோட்டா, இந்தியாவுக்கு 7. மனைவி பக்கம் போனால் இன்னும் மோசம்” என்கிறார். மாமனாரோ, “உங்க அப்பா 1952-இல் புதுச்சேரியில் பிறந்தவர்தானே, அப்போ அது பிரான்ஸ், அதை வைத்துக் கேளுங்க” என்கிறார். இதற்கு நடுவில் என் தம்பிக்கு ‘ரெயூனியன் கோட்டா’வில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். யார் சொல்வதை நம்புவது?
(பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பிய வரி, இந்தியர் வரிசை 2013-இல் நிற்கிறது என்பது. 2025-இன் நடு நிலவரப்படி அது உண்மைதான். ஆனால் நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டிய ஆளே இல்லை. கன்சல்டன்ட் சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதி உங்களை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். மாமனார் சொன்னது நடக்காது. ஏஜென்ட் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

அமெரிக்கக் கோட்டா கணக்கில் பாஸ்போர்ட்டுக்கு வேலை கிடையாது. எங்கே பிறந்தீர்கள் என்பது ஒன்றுதான் கேள்வி. புதுச்சேரியில் இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். இங்கே ஒரே தெருவில் ஒரு வீடு இந்தியப் பாஸ்போர்ட், அடுத்த வீடு பிரெஞ்சு நேஷனாலிட்டி. அதனால் நாடு என்றாலே பாஸ்போர்ட் அட்டைதான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். ஆபீஸ் வைத்த புதிதில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். இங்கே புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிறந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு அம்மாவிடம், “உங்களுக்கு பிரான்ஸ் வரிசை, கவலையே இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட் எந்த நிறமாக இருந்தாலும் நெல்லித்தோப்பில் பிறந்தவர் இந்தியக் கணக்கு. அவருக்கு ஒரு வருஷம் வீணானது என்னால். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பேன்.

உங்கள் வீட்டில் கதை அப்படியே தலைகீழ். உங்கள் மனைவி ஜாடையிலும் பேச்சிலும் புதுச்சேரிப் பெண்ணாக இருக்கலாம். அமெரிக்கச் சட்டத்துக்கு அவர் ரெயூனியனில் பிறந்தவர், ரெயூனியன் பிரான்ஸ் கணக்கில் வரும். கணவனும் மனைவியும் வேறு வேறு நாட்டு வரிசையில் நின்றால் குடும்பம் பிரிந்துவிடும் என்பதற்காக, ஒருவர் மற்றவரின் பிறந்த நாட்டுக் கணக்கைக் கடன் வாங்கிக்கொள்ள சட்டமே இடம் தருகிறது. அங்கே வக்கீல்கள் இதை கிராஸ் சார்ஜபிலிட்டி என்பார்கள். மனு உங்கள் பெயரில், வேலை உங்களுடையது, வரிசை மட்டும் மனைவியுடையது. மனைவி சம்பாதிக்க வேண்டும், தனியாக மனு போட வேண்டும் என்றெல்லாம் இல்லை.

அந்த வரிசை எவ்வளவு நீளம்? அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினை எடுத்துப் பாருங்கள். அதில் சீனா, இந்தியா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் என்று நெருக்கடி உள்ள நாடுகளுக்கு மட்டும் தனித்தனிப் பத்தி. மற்ற உலகம் முழுவதும் ஒரே பத்தி. பிரான்ஸ் அந்தப் பொதுப் பத்தியில். 2025-இன் நடுவில் இந்திய இ.பி.-2 தேதி 2013 ஜனவரி 1, அதாவது அதற்கு முன் மனு போட்டவருக்குத்தான் முறை வந்திருந்தது. அதே மாதங்களில் பொதுப் பத்தியில் 2023-இன் பிற்பகுதி. உங்கள் தேதி 2019 மார்ச். 2022 டிசம்பர் புல்லட்டினுக்கு முன்பு கொஞ்ச காலம் பொதுப் பத்தியில் தேதியே இல்லாமல் கதவு திறந்தே கிடந்தது. அப்போதே உள்ளே போயிருக்கலாம். போனது போகட்டும். இனிமேல் ஒவ்வொரு மாதமும் நீங்கள் பார்க்க வேண்டியது பொதுப் பத்தியைத்தான். தேதிகள் முன்னும் பின்னும் நகரும், பின்னால் போவதும் உண்டு. திரும்பிப் போனதும் அந்த மாதப் புல்லட்டினைப் பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

கம்பெனி வக்கீல் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வரும். பெரும்பாலும் அவர்களுக்கு நீங்கள் ஒரு படிவம். விண்ணப்பதாரர் பிறந்த நாடு இந்தியா என்றதும் கோப்பு இந்திய அடுக்குக்குப் போய்விடும், மனைவி பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நாமாக எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

இப்போது அந்த 2 சதவீதம். கன்சல்டன்ட் அதைக் கற்பனை செய்யவில்லை, சட்டத்தில் இருக்கிறது. குடும்ப வழியிலும் வேலை வழியிலும் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 3,66,000 விசா. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது 25,620. ஒரு நாட்டின் கடல் கடந்த பகுதிக்கு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது 7,320. ரெயூனியனில் பிறந்தவர் பிரான்ஸின் 25,620-க்குள்தான் வருவார், அந்தக் கணக்குக்குள்ளேயே அவருடைய தீவுக்கு இன்னொரு வேலி. கன்சல்டன்ட் இந்த வேலியை ஒதுக்கீடு என்று நினைத்துக்கொண்டார். குழப்பம் அங்கேதான்.

நம்மூர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் தொழிற்கல்வி இடங்களைப் பிரிக்கும்போது புதுச்சேரிக்கு 75 சதவீதம், காரைக்காலுக்கு 18, மாஹேக்கு 4, ஏனாமுக்கு 3 என்று எடுத்து வைக்கிறார்கள். அது ஒதுக்கீடு. ஏனாம் பிள்ளைகளுக்கு அந்த 3 சதவீதம் உரிமை, ஏனாமுக்குள்தான் போட்டி. அமெரிக்காவின் 2 சதவீதம் அந்த ஜாதி இல்லை. ரெயூனியனுக்கு என்று யாரும் 7,320 இடம் எடுத்து வைக்கவில்லை, அந்தத் தீவுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். எல்லோரும் பொது வரிசையில்தான் நிற்கிறார்கள்; ஒரே தீவில் பிறந்தவர்கள் ஒரே வருஷத்தில் 7,320-ஐத் தொட்டால் அங்கே கதவு மூடும். ரெயூனியனின் மொத்த மக்கள்தொகையே 9 லட்சத்தை ஒட்டித்தான். அங்கே பிறந்தவர்கள் வெளியே போனால் பாரிஸ் பக்கம் போவார்கள், அமெரிக்காவுக்கு அத்தனை பேர் மனு போடுவதில்லை. யாரும் வந்து முட்டாத வேலி அது. இந்தியாவின் 7 சதவீதமோ லட்சக்கணக்கானோர் முட்டி நிற்கும் மதில். 7 பெரிது, 2 சிறிது என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டால் கன்சல்டன்ட் சொன்ன இடத்துக்குத்தான் போய்ச் சேர்வோம்.

இந்த 2 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனுவுக்கு இது தேவைப்படாது, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் சொல்கிறேன்.

1921-இல் தொடங்கிய நாட்டுவாரி எண்ணிக்கையை 1924-இல் அமெரிக்கா நிரந்தரமாக்கியபோது, காலனியில் பிறந்தவர் ஆளும் நாட்டின் கணக்கில் போனார். 1929-இலிருந்து பிரிட்டனின் பங்கு 65,721. பிரிட்டனிலிருந்து அத்தனை பேர் வரவில்லை, இடம் மிச்சம் கிடந்தது. ஜமைக்காவிலும் பார்படாஸிலும் பிறந்த கறுப்பின மக்கள் அந்த மிச்சத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அது சிலருக்கு உறுத்தியது. 1952-இல் வந்த மெக்காரன்–வால்டர் சட்டம், கணக்கு ஆளும் நாட்டினுடையதாகவே இருக்கட்டும், ஆனால் ஒரு காலனிக்கு வருஷத்துக்கு 100 பேருக்கு மேல் கூடாது என்றது. எல்லாக் காலனிகளுக்கும் பொதுவான விதி மாதிரி எழுதப்பட்டிருந்தாலும் அடி விழுந்தது கரீபியன் தீவுகளுக்கு. ஜனாதிபதி ட்ரூமன் இந்தச் சட்டத்தை வீட்டோ செய்தார், காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது.

ஆசியாவுக்கு அதே சட்டம் வைத்திருந்த விதி இன்னும் விசித்திரம். ஆசிய ரத்தம் பாதி இருந்தால் போதும், உலகத்தில் எங்கே பிறந்திருந்தாலும் மூதாதையர் நாட்டுக் கணக்கு. இந்தியாவின் எண்ணிக்கை 1946-இலிருந்தே வருஷத்துக்கு 100 பேர். உங்கள் மனைவி இடத்தில் ஒரு பெண் 1955-இல் விண்ணப்பித்திருந்தால், ரெயூனியனில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகளாகவே இருந்தாலும் தமிழச்சி என்பதால் இந்தியாவின் அந்த நூறு பேரில் ஒருத்தியாகத்தான் நின்றிருப்பார். ஐரோப்பியர்களுக்குப் பிறந்த இடம், நமக்கு ரத்தம். 1965 சட்டம் இதை ஒழித்துக்கட்டியது. இன்று உங்கள் மனைவியின் பிறப்பிடத்துக்கு நீங்கள் உரிமை கொண்டாட முடிவது அதனால்தான்.

காலனி வேலியை மட்டும் 1965-இலும் பிடுங்கவில்லை. கிழக்கு அரைக்கோளத்தில் நாட்டுக்கு 20,000 என்றார்கள், காலனிக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது 200. 1976-இல் அது 600 ஆனது, 1986 சட்டத்தில் 5,000, 1990 சட்டத்தில் இப்போதுள்ள 2 சதவீதம். கடைசி இரண்டு தடவையும் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது ஹாங்காங். சீனாவிடம் ஒப்படைக்கும் 1997 நெருங்கிக்கொண்டிருந்தது, அங்கே வரிசை நீண்டுகொண்டிருந்தது. 1990-இல் ஹாங்காங்கை மட்டும் காலனிப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து, தனி நாடு மாதிரி நடத்துவது என்று எழுதினார்கள். முதல் மூன்று வருஷத்துக்குத் தலா 10,000. ஜமைக்காக்காரரைத் தடுக்கப் போட்ட வேலி, ஜமைக்கா 1962-இல் சுதந்திரம் அடைந்த பிறகும், ஹாங்காங் கைமாறிய பிறகும் சட்டப் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது.

சரி, மாமனார் யோசனைக்கு வருவோம். அவர் சொன்னதில் வரலாறு சரி. 1952-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 அக்டோபர் 18 கீழூரில் வாக்கெடுப்பு, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. உங்கள் அப்பா பிறந்த அன்று அவர் தலைக்கு மேல் பறந்தது மூவண்ணப் பிரெஞ்சுக் கொடி, சந்தேகமே இல்லை.

ஆனால் அமெரிக்காவின் கோட்டா கணக்கு பிறந்த தேதியின் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. எல்லை மாறியிருந்தால் இன்று அந்த மண் யாருடையது என்பதுதான் கேள்வி. புதுச்சேரி மண் இன்று இந்தியா, அப்பாவே விண்ணப்பித்தாலும் இந்திய வரிசைதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும், அப்பா எங்கே பிறந்தார் என்பது உங்களுக்கு உதவவும் உதவாது. பெற்றோரின் கணக்கு இரண்டு சூழலில்தான் பிள்ளைக்கு வரும். ஒன்று, பெற்றோரோடு சேர்ந்து போகும் சின்னப் பிள்ளை. இன்னொன்று, பெற்றோர் இருவருமே பிறக்காத, குடியிருக்காத நாட்டில், அவர்கள் தற்காலிகமாகத் தங்கியிருந்தபோது பிறந்த பிள்ளை. நீங்கள் சொந்த ஊரான திருப்பாதிரிப்புலியூரில் பிறந்திருக்கிறீர்கள். இரண்டிலும் சேர மாட்டீர்கள்.

மாமனாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீடுகளில், இந்த நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை விஷயத்தில் 1962-க்கு முந்தைய பிறப்பும் பதிவும் உண்மையிலேயே முக்கியம். அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஏறத்தாழ 5,000 பேர் அப்படி ஆப்ஷன் கொடுத்தார்கள். கொடுக்காதவர் பேரன் இன்று எத்தா சிவில் என்ற பிரெஞ்சுப் பிறப்பு-இறப்புப் பதிவின் நகலைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், கொடுத்தவர் பேரன் பாரிஸில் இருக்கிறான். அந்தக் கணக்கு பிரெஞ்சுச் சட்டத்தினுடையது. அமெரிக்கக் கோட்டாவோடு அதைக் கலக்கக் கூடாது.

உங்கள் மகளைப் பற்றி ஒரு வரி. புதுச்சேரியில் பிறந்தாலும் அம்மாவின் கணக்கில் உங்களோடு வந்துவிடுவாள், தொந்தரவு இல்லை. இதைத் திருப்பிப் போட முடியாது. சிங்கப்பூரில் பிரசவம் பார்த்தவர்கள் சிலர், குழந்தையின் பிறப்பிடத்தை வைத்து நாங்கள் சிங்கப்பூர் வரிசைக்கு மாறலாமா என்று கேட்பார்கள். பிள்ளையின் கணக்கு பெற்றோருக்கு ஏறாது.

குலுக்கல் விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது காதில் போடுவார்கள் என்பதால் சொல்கிறேன். டைவர்சிட்டி விசா சட்டத்தில் 55,000, கையில் கிடைப்பது அதற்கும் குறைவு. ஐந்து வருஷத்தில் 50,000-க்கு மேல் ஆட்களை அனுப்பிய நாடு என்பதால் இந்தியாவுக்கு அதில் இடமில்லை. அங்கேயும் பிறப்பிடம்தான், கடல் கடந்த பகுதி ஆளும் நாட்டோடு சேரும். பிரான்ஸ் தகுதி உள்ள பட்டியலில் இருந்து, பதிவும் திறந்திருந்தால் மனைவி பெயரில் போடலாம். அரசியல் காற்றில் ஆடுகிற திட்டம் அது. வேலை வழி மனு கையில் இருக்கும்போது இதை நம்பி எதையும் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது தம்பியின் நான்கு லட்சம். ரெயூனியனுக்கு ஒரு காலத்தில் உண்மையிலேயே கோட்டா இருந்தது. 1860-இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்த ஒப்பந்தம், பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 6,000 கூலிகளை அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு எடுக்க அனுமதித்தது. மறுவருஷம் இன்னும் பெரிய ஒப்பந்தம் வந்து, மற்ற பிரெஞ்சுக் காலனிகளுக்கும் ஆள் எடுக்க வழி திறந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். நம் தென்னார்க்காட்டு ஆட்கள் எத்தனை பேர் அதில் போனார்களோ. அங்கே நடத்திய விதம் பொறுக்காமல் 1882-இல் பிரிட்டிஷ் அரசே அதை நிறுத்தியது. இன்று ரெயூனியனில் மல்பார் என்று அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கூலிகளின் வம்சம். அந்தத் தீவுக்கென்று நம்மூர் ஆட்களை எண்ணி எடுத்த கோட்டா அதோடு சரி.

இன்றைக்கு பிரான்ஸ் தன் கடல் கடந்த பகுதிகளுக்கு ஆள் எண்ணி இந்தியாவுக்குக் கோட்டா பிரித்துக் கொடுப்பதில்லை. ரெயூனியன் 1946-இலிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி. வேலைக்குப் போக வேண்டுமென்றால் அங்கே ஒரு முதலாளி வேண்டும், அவர் வேலை அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விசா. வருஷா வருஷம் நாடாளுமன்றம் குடியேற்றத்துக்கு எண்ணிக்கை பேசி வைக்க வேண்டும் என்ற பேச்சு பிரான்ஸிலேயே பலமாக எழுந்தது. சட்டத்திலும் எழுதினார்கள். 2024 ஜனவரி 25-இல் அரசியலமைப்புக் குழு அந்தப் பிரிவை அடித்துவிட்டது. பிரான்ஸ் நாட்டுக்கே இல்லாத கோட்டாவை உங்கள் ஏஜென்ட் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து விற்கிறார்.

தீவுக்குப் போய்விட்டால் அங்கிருந்து பாரிஸுக்கு பஸ் பிடிக்கிற மாதிரி போய்விடலாம் என்றும் சொல்லியிருப்பார். ரெயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்ற விடும் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அங்கே செல்லும் விசா பாரிஸில் தானாகச் செல்லாது. பக்கத்தில் மயோத் என்று இன்னொரு பிரெஞ்சுத் தீவு. அங்கே கொடுக்கும் குடியிருப்பு அட்டையை மயோத்துக்குள் மட்டும் செல்லும்படி கட்டிப் போட்டார்கள். சொந்தத் தீவில் சட்டப்படி குடியிருப்பவரையே தலைநகருக்கு வர விடாத அளவுக்குக் கறார்.

தீவுக் கோட்டா என்று உலகத்தில் எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. பசிபிக்கில் சைப்பான் இருக்கிற வடமரியானா தீவுகள் அமெரிக்காவுடையவை. அங்கே மட்டும் வேலை செய்ய சி.டபிள்யூ.-1 என்று தனி அனுமதி, அதற்கு எண்ணிக்கையும் உண்டு: 2018-இல் போட்ட சட்டப்படி 2019-க்கு 13,000, வருஷா வருஷம் குறைத்து 2029-இல் 5,000. நியூசிலாந்து தன் ஆளுகையில் முன்பு இருந்த சமோவாவுக்கு வருஷத்துக்கு 1,100 பேர் என்று பல காலம் வைத்திருந்தது, குக் தீவுக்காரர்களுக்கோ குடியுரிமையே கொடுத்துவிட்டது, எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல். துவாலுவிலிருந்து வருஷத்துக்கு 280 பேரை எடுத்துக்கொள்ள ஆஸ்திரேலியா 2023-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இவை எல்லாமே சட்டத்திலோ அரசு அறிவிப்பிலோ எழுதி வைத்த எண்கள், எவரும் படித்துப் பார்க்கலாம். ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தக் கோட்டா எந்தச் சட்டத்தில், எந்த எண்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். பதிவு உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் அதன் ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது. நான்கு லட்சம் என்று வாய் திறந்ததே போதும். முன்பணம் ஏதாவது போயிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். அமெரிக்கா திரும்பியதும் அங்கே உரிமம் உள்ள ஒரு வக்கீலைப் பிடியுங்கள், அமெரிக்கப் படிவத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 போடும்போது நீங்களும் மனைவியும் சேர்ந்தே போட வேண்டும். நீங்கள் முன்னால் கிரீன் கார்டு வாங்கிவிட்டு மனைவி பிறகு வந்து சேரட்டும் என்ற ஏற்பாடு இதில் எடுபடாது. அவர் கணக்கில் நீங்கள் போகிறீர்கள், அவர் இல்லாமல் கணக்கு ஏது? மனுவின் முகப்புக் கடிதத்திலேயே, மனைவியின் பிறப்பிடத்தை வைத்து பிரான்ஸ் கணக்கு கோருகிறோம் என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் கோப்பு பழையபடி இந்திய அடுக்குக்குத்தான் போகும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். பிரெஞ்சுப் பதிவில் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் இன்னொரு கட்டம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயராகி உட்கார்ந்திருக்கும். இங்கே கல்யாணச் சான்றிதழில் அதே அப்பா ஒரு இனிஷியலாகச் சுருங்கியிருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றும் ஒரே பெண் என்று அமெரிக்க அதிகாரிக்குத் தானாகத் தெரியாது. பிறப்புப் பதிவு, கல்யாணச் சான்றிதழ், இரண்டு பாஸ்போர்ட், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, பெயர் எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசத்துக்கு அஃபிடவிட் இங்கேயே, கிளம்புவதற்கு முன் போட்டுவிடலாம்.

மனைவியின் பிறப்புப் பதிவு நாந்த் நகரத்தில் இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு. ரெயூனியன் பிரான்ஸின் மண், அதனால் அவர் பிறந்த ஊரின் மேரியில்தான் பதிவு இருக்கும். மேரி என்றால் உங்களுக்குத் தெரியும், நம் கடற்கரைச் சாலையில் 2014-இல் இடிந்து விழுந்து மறுபடி கட்டினார்களே, அந்த மாதிரி நகராட்சி ஆபீஸ். நகலுக்குப் பணம் கிடையாது. சுருக்கப் பிரதி வாங்காதீர்கள், கோப்பி அன்தெக்ரால் என்று முழுப் பிரதியாகக் கேளுங்கள், பெற்றோர் விவரம் எல்லாம் அதில் வரும். வந்ததும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியோடு வையுங்கள்.

எந்த ஊர் மேரி என்பது மனைவிக்கே ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், கைக்குழந்தையாக வந்தவராக இருந்தால். மாமனார் வீட்டு பீரோவில் லிவ்ரே தெ ஃபமீய் என்று ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். கல்யாண அமளி ஓய்ந்ததும் அதைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் ஊர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும்.